மந்திரி எங்கே போகும்?

ராஜவேலுக்குச் செஸ் தெரியும் என்று முதலில் சொன்னது ராஜவேல் அல்ல. அவர் சார்பில் இதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். தருமபுரிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து, ஒரு மத்திய அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், செக்‌ஷன் ஆபீசர் சோப்ரா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மதராஸியா? அச்சா, அப்படின்னா செஸ் நல்லா ஆடுவீங்க" என்று தானாகவே முடிவு கட்டினார். தொண்ணூறுகளின் தில்லி அலுவலகங்களில் அது பொது அபிப்பிராயம். தமிழன் என்றால் தோசை, கணக்கு, செஸ். ராஜவேலுக்குத் தோசை சாப்பிடத் தெரியும். கணக்கு சுமார். செஸ்ஸில் குதிரை எப்படித் தாவும் என்பது வரைக்கும் தெரியும். "இல்லைங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் சிரித்துவைத்தார். எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்புதான் பிள்ளையார் சுழி.

சிரித்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதைக் கடைகளைத் துழாவி, அட்டை கிழிந்த ஒரு செஸ் புத்தகத்தை வாங்கி வந்தார். அதில் முதல் அத்தியாயம் ரூய் லோபஸ். ஆட்டத்தைத் தொடங்குவதற்குப் பெரிய ஆட்டக்காரர்கள் காலங்காலமாக ஆடிப் பார்த்து வைத்திருக்கும் வழிகளில் ஒன்று. ஒரு ஸ்பெயின் பாதிரியாரின் பெயர் அதற்கு. வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போகும். கறுப்பும் அதையே செய்யும். வெள்ளைக் குதிரை வெளியே வரும், கறுப்புக் குதிரையும் வரும். உடனே வெள்ளை மந்திரி குறுக்கே பாய்ந்து போய் அந்தக் குதிரையை முறைத்துக்கொண்டு நிற்கும். கறுப்பு தன் ஓரத்துச் சிப்பாயை ஓரடி தள்ளி, 'போய்யா அந்தப் பக்கம்' என்னும். மந்திரி ஒரு கட்டம் பின்வாங்கும். கறுப்பின் இரண்டாவது குதிரை தாவி வரும். இப்படியே பக்கம் பக்கமாகப் போகும்.

புத்தகத்தில் நகர்த்த வேண்டியதெல்லாம் தடித்த எழுத்தில் இருந்தது. அது ஏன், எதிராளி வேறு மாதிரி ஆடினால் என்ன செய்வது என்பதெல்லாம் பொடி எழுத்தில். ராஜவேல் தடித்த எழுத்தை உருப் போட்டார். விடுப்பு விதிகளை இப்படியே உருப் போட்டுத்தான் துறைத் தேர்வில் தேறியிருந்தார். பொடி எழுத்தைப் பார்த்தாலே அவருக்குக் கொட்டாவி வரும்.

குளிர்காலத்தில் தில்லி சர்க்கார் ஆபீஸ் மதியம் புல்வெளிக்கு இடம் மாறிவிடும். வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு சிலர் சீட்டாடுவார்கள், பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், எங்கு பார்த்தாலும் வேர்க்கடலைத் தோல். அங்கே ஆடும் செஸ் நாட்டு முறை. சிப்பாய் எப்போதும் ஓரடிதான் போகும். ராஜாவுக்குக் கோட்டை கட்டுவது கிடையாது. நாம் மந்திரி என்பதை அவர்கள் ஒட்டகம் என்பார்கள். அந்த முறையில் லோபஸ் முதல் அடியிலேயே படுத்துவிடும். அதனால் ராஜவேல், "நான் இன்டர்நேஷனல் ரூல்தான் ஆடுவேன், அதுவும் வெள்ளைதான்" என்றார். பெரிய ஆட்டக்காரருக்கு அந்த மிடுக்கு இருக்கத்தானே செய்யும் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். புது விதி புரியாமல், கடலையை உரித்துக்கொண்டே ஆடித் தோற்றார்கள். மாஸ்டர்ஜி என்று பட்டம் வந்தது. எப்படி ஜெயித்தோம் என்பது ராஜவேலுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் பட்டம் இனித்தது.

பயிற்சிக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மனைவி அம்சவேணியைத் தவிர வேறு யார் அகப்படுவார்கள்? அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் கறுப்புக் காயை எடுத்து வைப்பாள். அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். "இப்ப சிப்பாய்." வைப்பாள். "இப்ப குதிரை." வைப்பாள். காய்கள் எப்படிப் போகும் என்பதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை; பார்த்துப் பார்த்து அவளே பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டதால்தான் வினையே வந்தது.

ஒரு ஞாயிறு சோப்ராவும், அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் நேகியும் தோசை சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் லோபஸைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ராஜவேல் பலகையை விரித்து, அம்சவேணியை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு அடியாக விளக்கினார். மந்திரி ஒரு கட்டம் பின்வாங்கிய இடத்தில் அம்சவேணி கையை நிறுத்தினாள்.

"என்னங்க, எனக்கு ஒண்ணு தோணுது. இந்த மந்திரியை என் சிப்பாய்ங்கள வச்சே இப்படியே துரத்திக்கிட்டுப் போனா, கடைசியில அது எங்க போகும்? போக இடமே இல்லையே?"

அவருக்குப் பதில் தெரியவில்லை. தடித்த எழுத்தில் அது இல்லை. சோப்ரா ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன கேட்டாள் என்று நேகி விசாரித்தார். ராஜவேல் சத்தமாகச் சிரித்து, ஹிந்தியில், அவர்களுக்குப் புரியட்டும் என்றே சொன்னார்: "இவளுக்கு என்ன தெரியும் சாப்? காயை எடுத்து வைக்கத்தான் தெரியும்." விருந்தாளிகளும் சிரித்தார்கள். தினமும் காலையில் வாசலில் காய்கறி வண்டிக்காரனோடு ஹிந்தியில் மல்லுக்கட்டுகிறவள் அம்சவேணி. அவளுக்கு இது புரியாதா? தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொன்ன குதிரையை எடுத்து வைத்தாள். பிறகு டீ போட உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அவள் கேள்வி கேட்கவில்லை. கூப்பிட்டால் வருவாள், சொன்னதை வைப்பாள், போய்விடுவாள். பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்று ராஜவேல் சந்தோஷப்பட்டார்.

மறு குளிர்காலம் அமைச்சகங்களுக்கு இடையே செஸ் போட்டி வந்தது. சோப்ரா, கேட்காமலேயே, மாஸ்டர்ஜியின் பெயரை அணியின் முதல் ஆட்டக்காரராகக் கொடுத்துவிட்டார். இப்போதாவது மறுத்திருக்கலாம். காய்ச்சல், ஊரில் கல்யாணம், எத்தனையோ சாக்கு இருக்கிறது. ஆனால் மறுத்தால் மாஸ்டர்ஜி என்று யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பெயர் போய்விட்டால் அந்த ஆபீஸில் அவர் வெறும் கிளார்க். வீட்டிலோ அம்சவேணி எதிர் வீட்டுக் காந்திமதி அக்காவிடம், "கப் வாங்கிட்டு வரப் போறாருக்கா" என்று சொல்லியாயிற்று. போட்டியன்று கேசரிக்கு ரவையை வறுத்து வைத்துவிட்டுத்தான் அவரை வழியனுப்பினாள்.

எதிரே உட்கார்ந்தவர் தத்தா, இன்னொரு அமைச்சகத்துக் கணக்குப் பிரிவு. வங்காளி. குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார். பார்த்தால் பயப்படும்படி ஒன்றுமில்லை. ராஜவேலுக்கு அதிர்ஷ்டவசமாக வெள்ளையே வந்தது. பின்னால் சோப்ரா, நேகி, செக்‌ஷன் மொத்தமும் கடலைப் பொட்டலங்களோடு நின்றது.

சிப்பாய், சிப்பாய். குதிரை, குதிரை. மந்திரி போய் முறைத்தது. ஓரத்துச் சிப்பாய் விரட்டியது. மந்திரி பின்வாங்கியது. இனி கறுப்புக் குதிரை தாவ வேண்டும். தத்தா குதிரையைத் தொடவில்லை. தன் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஓரடி நகர்த்திவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ராஜவேலின் தலைக்குள் விளக்கு அணைந்துவிட்டது. இது எந்தப் பக்கம்? எந்த எழுத்து? யோசிப்பது என்பதை அவர் அந்தப் பலகையில் ஒருநாளும் செய்ததில்லை. நிறுத்தி யோசித்தால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று வேகமாகத் தன் ராணிக்கு முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். தத்தா ஒரு சிப்பாயால் மந்திரியை விரட்டினார். அது இன்னும் ஒரு கட்டம் ஒதுங்கியது. குதிரைகள் வெட்டுப்பட்டன. பக்கத்துக்கு ஒரு சிப்பாயும் வெட்டுப்பட்டது. ராஜவேல் தன் ராணியைப் பலகையின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். சோப்ரா "வாஹ்!" என்றார். தத்தா இன்னொரு சிப்பாயால் ராணியை விரட்டினார். ராணி அங்கும் இங்கும் ஓடிவிட்டு மூச்சுவிட்ட நேரத்தில், அந்தச் சிப்பாய் மேலும் ஓரடி வைத்தது.

மந்திரிக்கு எதிரே மூன்று சிப்பாய்கள் சுவர்போல நின்றன. பின்னால் தன் சிப்பாய்களே வழியை அடைத்துக்கொண்டிருந்தன. போக ஒரு கட்டம் இல்லை. ராஜவேல் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். 'கடைசியில அது எங்க போகும்?' அம்சவேணியின் குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. அவருக்கு முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது.

மந்திரி போன பிறகு ஆட்டம் தாக்குப்பிடிக்கவில்லை. பொட்டலத்துக் கடலை தீருவதற்குள் தோற்றார். "மாஸ்டர்ஜி, மதராஸ் பேரையே முக்கிட்டீங்களே" என்று சோப்ரா தோளில் தட்டினார். மதராஸை ராஜவேல் பார்த்ததெல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும்தான். அந்த ஊரின் மானத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நின்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு தத்தா காய்களை அடுக்கிக்கொண்டே ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க பாய்சாப். என் மந்திரி எங்க போகும்னு ஒரு தடவை கேட்டிருந்தா போதும். ஆட்டம் புதுசாக் கத்துக்கிறவன் அதைத்தான் கேப்பான். நானும் இன்னிக்கி வரைக்கும் அதைத்தான் கேக்கறேன். நடுவுல கொஞ்ச வருஷம் நானும் கேக்கல. அப்ப எனக்குப் புஸ்தகம் தெரிஞ்சிருந்தது." சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போய்விட்டார். குத்திக்காட்டியிருந்தால் கோபப்பட்டு ஆறியிருக்கலாம். அந்த மனிதர் நல்லவராக வேறு இருந்து தொலைத்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். போய்த்தானே ஆக வேண்டும்? கதவைத் திறந்தவுடன் நெய் வாசனை அடித்தது.

"தலைவலி அம்சா. பிளந்துடுச்சு. அதான் ஆட முடியல" என்றார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"காலையிலயே பாத்தேங்க, மூஞ்சி வாடித்தான் இருந்திச்சு. தோத்தா என்ன இப்ப? உடம்புதான் முக்கியம்" என்று அம்சவேணி தைலத்தை எடுத்து வந்து நெற்றியில் தேய்த்தாள். வலிக்காத தலை. அவள் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, ராஜவேலால் உட்கார முடியவில்லை. சட்டென்று எழுந்து பலகையை விரித்தார். அவளைக் கூப்பிடாமல், இரண்டு பக்கத்துக் காயையும் தானே நகர்த்தி, மந்திரி மாட்டிக்கொண்ட இடம் வரைக்கும் வந்து நிறுத்தினார்.

அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ, இது நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்லீங்க. எனக்கென்ன தெரியும். காயை எடுத்து வைக்கத்தான் தெரியும்."

ராஜவேல் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் குத்தல் இருந்தால் தேவலை என்று தேடினார். இல்லை. அவர் சொன்னதை அவள் நிஜம் என்றே எடுத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறாள். அவருக்கு நிமிர முடியாத வெட்கமாக இருந்தது.

"நீ அன்னிக்குக் கேட்டியே, அதுதான் அம்சா. அதேதான். நீ கேட்டது சரி. எனக்குத்தான் தெரியல. தலைவலியெல்லாம் ஒண்ணுமில்ல."

அம்சவேணியின் முகம் மலர்ந்தது. "நிசமாவா?" என்று ஒரு சின்னப் பெண்ணைப் போலக் கேட்டாள். "அப்ப நான் கேட்டது பைத்தியக்காரத்தனம் இல்லியா?"

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சோப்ராவும் நேகியும். மாஸ்டர்ஜியைத் தேற்ற சமோசாவோடு வந்திருந்தார்கள். உட்கார்ந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். "என்னதான் ஆச்சு மாஸ்டர்ஜி? வீட்டில இதே ஆட்டத்தை என்னமாக் காட்டினீங்க!" என்றார் சோப்ரா.

இப்போது சொல்ல வேண்டும். ஹிந்தியில், இவர்களுக்குப் புரியும்படி, இதே இடத்தில். ராஜவேலுக்கு அது தெரியும். வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. வாயைத் திறந்தார். அம்சவேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்ச்சி இன்னும் முகத்தில் இருந்தது. சொன்னால் மாஸ்டர்ஜி என்ற பெயர் இன்றோடு போய்விடும் என்று நினைத்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவளே, சுத்தமான ஹிந்தியில், "காலையிலிருந்து இவருக்குத் தலைவலி சாப். சொல்லச் சொல்லக் கேக்காமப் போனாரு" என்றாள்.

"அதானே பார்த்தேன்!" என்று சோப்ரா தொடையில் தட்டினார். நேகியும் தலையாட்டினார். உடம்பு சரியில்லாமலும் அமைச்சகத்துக்காகப் போய் ஆடிய மாஸ்டர்ஜியின் பெருமை இன்னும் ஒரு படி ஏறியது. ராஜவேல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தைலத்தில் கை எரிந்தது.

அம்சவேணி எல்லோருக்கும் கேசரி கொண்டுவந்து வைத்தாள். பலகையில் மாட்டிக்கொண்டிருந்த மந்திரியையும் அதைச் சுற்றி நின்ற சிப்பாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, டப்பாவில் போட்டு மூடினாள். தட்டை அவர் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜவேல் ஓய்வு பெறும் வரைக்கும் ஆபீஸில் மாஸ்டர்ஜியாகவே இருந்தார். வீட்டில் யாராவது வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் சமையலறைப் பக்கம் பார்ப்பார். அங்கே பாத்திரச் சத்தம் ஒரு நிமிடம் நின்று, பிறகு திரும்பவும் கேட்கும்.