இடப்பக்கம் இந்தியா, வலப்பக்கம் இலங்கை

போன செவ்வாய்க்கிழமை ஒரு தோட்டத்தையே இரண்டு தேசமாகப் பிரித்து வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. மொழிபெயர்த்தேன்... அவ்வளவுதான்.

பதுளைக் கடைவீதியில் சீத்தைத் துணியும் சேலையும் விற்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தியாவிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து ஜனங்களை எங்களிடமே திருப்பி அனுப்புங்கள் என்று அக்கரையில் டில்லிச் சபையில் கத்துகிறார்கள். அவர்கள் இங்கே சௌக்கியமாக இருக்கிறார்கள், போகமாட்டார்கள் என்று கொழும்புச் சபையில் கத்துகிறார்கள். கடைசியில் யாருக்கோ புத்தி வந்து, அந்த ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கனவானை அனுப்பிவைத்தார்கள்.

டில்லிக் கனவான் கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டுக்காரர். "நம் ஜனங்கள், நம் ஜனங்கள்" என்று இங்கிலீஷில் உருகினார். நம் ஜனங்களின் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. கொழும்புக் கனவான் தேயிலையில் தலை நரைத்த வெள்ளைக்காரத் துரை. அவருக்குத் தமிழ் தெரியும். வா, போ, நில், கொழுந்து எடு - இவ்வளவு தெரியும். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனிடம் அவன் விருப்பத்தை எப்படிக் கேட்பது?

அதற்காகக் கூட்டிவந்த துபாசியோ பசறை தாண்டியதும் மோட்டார் வளைந்த வளைவில் வாந்தியெடுத்து ரோட்டோரம் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் துணி மூட்டையோடு மாட்டுவண்டியில் நான் போய்க்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தெரியுமா என்றார்கள். தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. பனி இன்னும் விலகவில்லை. தப்புப் பறை அடித்தார்கள். வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ஜனங்கள் இறங்கிவந்து பெரட்டுக்கு நின்றார்கள். பெரட்டு என்றால் தெரியுமல்லவா, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம். இரண்டு கனவான்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"இந்தியாவுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இடப்பக்கம். இங்கேயே இருக்க ஆசைப்படுகிறவர்கள் வலப்பக்கம்" என்றார் கொழும்புத் துரை.

நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள். பார்த்தால் - இடப்பக்கம் முழுக்க ஆண்கள், கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. வலப்பக்கம் முழுக்கப் பெண்கள், முதுகில் கொழுந்துக் கூடை.

டில்லிக் கனவான் எழுந்தே விட்டார். ஆண்பிள்ளை ஒருவன் பாக்கியில்லாமல் தாய்நாட்டுக்குத் தவிக்கிறானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் இங்கே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்றார் துரை. சரி, பிள்ளைகள் எந்தப் பக்கம்? அவை, தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தன. அதுவரை ஆளுக்காக அடித்துக்கொண்ட இரண்டு கவர்ன்மெண்டும், பிள்ளைகள் என்றதும் தாராளமாக எதிர்த்தரப்புக்கே விட்டுக்கொடுக்கத் தயாராயின.

ஒருவழியாக முடிவானது. ஆண்கள் அடுத்த கப்பலில் போவது, பெண்கள் இருப்பது, பிள்ளைகளைப் பற்றிப் பிறகு பேசுவது. கை குலுக்கிக்கொண்டார்கள். அதையும் ஜனங்களுக்கு என் வாயாலேயே தமிழில் சொன்னேன்.

சொன்னபோதுதான் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இந்த லயத்திலேயே பிறந்த பெண். போன தை மாதம் என்னிடம்தான் கல்யாணச் சேலை எடுத்தாள். புருஷன் மாடசாமி மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன். மழை விடாமல் பெய்தால், அட்டை கடித்தால், சோறு குழைந்தால், "நான் ஊருக்கே போயிருவேன்" என்று சொல்கிற ஆள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். "மொதலாளி, அவரு நெசமாவே போறேன்னுதான் அங்கிட்டு நிக்கிறாரா?"

எனக்கு என்ன தெரியும்? அதற்குள் பெரிய கங்காணி என் காதருகே வந்து பெருமையோடு சொன்னார். "பாத்தீங்களா மொதலாளி, தொரைமாருக முன்னாடி ஒரு ஆளு எடம் மாறல. கொழுந்துக்காரிக வலது, கவ்வாத்து இடது. நம்ம பெரட்டுல எப்பவும் அப்படித்தான். மாறி நின்னா அன்னைக்குப் பேரு போட மாட்டேன்ல, கூலி போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் ஆசையைச் சொல்லவே இல்லை. தினம் நிற்கிற இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

ஓடிப்போய்க் கனவான்களிடம் சொன்னேன். அபிப்பிராயம் பதிவாகிவிட்டது என்றார் ஒருவர். மோட்டார் காத்திருக்கிறது என்றார் மற்றவர். என் கோபத்தை எழுதினால் பத்திரிகைக்காரர் அச்சுப் போடமாட்டார்.

கங்காணி பக்கம் திரும்பி, "இன்னைக்கு எங்க நின்னாலும் பேரு உண்டுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் சொல்லும்வரை பேச்சியம்மா காத்திருக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். பெரட்டுக் களத்தின் குறுக்கே இடப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கங்காணி "ஏய்" என்றார்.

அங்கே மாடசாமியும் கத்தியைப் போட்டுவிட்டு வலப்பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் நடுக்களத்தில் முட்டிக்கொள்ளாத குறை.

"நீங்க எதுக்கு இங்கிட்டு வாறீங்க?"

"நீ எதுக்குப் புள்ள அங்கிட்டுப் போற?"

"நீங்க ஊருக்குப் போறீங்கள்ல. நானும் வாறேன்."

"கிறுக்கச்சி. நீ இருக்குற எடத்த விட்டுட்டு நான் எங்க போறது? நான் மழைக்குச் சொல்றதெல்லாம் ஒரு பேச்சா?"

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கலைந்தார்கள். ஒரு நிமிஷத்தில் இடமும் இல்லை, வலமும் இல்லை. குடும்பம் குடும்பமாக நடுவில் வந்து நின்றார்கள். யாரோ பிள்ளைக் காம்பராவைத் திறந்துவிட, பிள்ளைகளும் வந்து சேர்ந்தன.

கனவான்கள் விழித்தார்கள். நடுவில் நிற்கிறவர்களை எந்தத் தேசத்தில் சேர்ப்பது? இந்த ஜனங்களுக்குத் தெளிவான அபிப்பிராயம் இல்லை, இதை விசாரிக்க இன்னொரு கமிஷன் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். கப்பல் பேச்சு அத்தோடு நின்றது.

மோட்டார் கிளம்பும்போது பேச்சியம்மா கூடையை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மொதலாளி, அந்த ரெண்டு தொரைக்கும் இது ஊரு இல்லைல? அவுகள எந்தப் பக்கம் நிக்கணும்னு யாரு வந்து கேப்பாக?"

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.