பின்னால் பூட்டிய பாரம்

ராபர்ட்சன்பேட்டையில் தன்னைவிட நன்றாக லாரி ஓட்டத் தெரிந்தவர் யாருமில்லை என்று தம்மபாலனே சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்ததில்லை.

அறுபத்தேழாம் வருடம், கோலார் தங்கச் சுரங்கத்தின் பழைய இரும்பைப் பங்காரப்பேட்டை ரயில் நிலையத்தில் சேர்க்கும் வேலை வந்தது. லாரி நிறைந்தும் இரும்பு மிச்சமிருந்தது. இரண்டாம் நடை போகச் சோம்பல். பூதிகோட்டையில் ஒரு டிராக்டர் டிரெய்லரை இரவல் வாங்கி, லாரிக்குப் பின்னால் பூட்டி, மிச்சத்தையும் ஏற்றினார்.

போகும் வழியில் ஓர் இறக்கத்தில் டிரெய்லர் லாரியைத் தள்ளியது. பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. சாலையோரம் இருந்த ஜெயம்மாவின் இட்லிக் கடையை இடித்துத் தள்ளிவிட்டு லாரி மண்மேட்டில் போய் முட்டியது. ஜெயம்மாவுக்குக் கை முறிந்தது.

கூட்டம் சூழ்ந்ததும் தம்மபாலன் கத்தினார்: "போன வாரம்தான் வால்டர் பிரேக் வேல பாத்தான். அவன் வேல லட்சணத்தப் பாருங்க!"

மறுநாளே மெக்கானிக் வால்டரின் ஷெட்டிலிருந்து இரண்டு பேர் தங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு லாரியை மட்டும் அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். மிதித்த இடத்தில் நின்றது.

"பிரேக் சரியாத்தான் இருக்கு. லாரி மேல எழுதியிருக்கிற எடை எதுக்குன்னு தெரியுமா?"

"பாரத்தோட சேத்து லாரி எடை அதுக்கு மேல போகக் கூடாது சார். அதான் மிச்சத்த டிரெய்லர்ல ஏத்துனேன்."

"அந்த டிரெய்லர நிறுத்துறது யாரு? அதுக்கு பிரேக்கே இல்ல. அதையும் சேத்து உன் லாரிதான் தாங்கணும். டிராக்டருக்குன்னு பதிவு பண்ணினத லாரியில பூட்டச் சொன்னது யாரு?"

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் வால்டரும் நின்றிருந்தார்.

லைசென்ஸ் ஆறு மாதம் முடங்கியது. அதைவிட, தான் கத்திய வார்த்தைதான் அவரைத் தின்றது. வால்டரின் ஷெட் இருந்த தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருநாள் உள்ளே நுழைந்தார்.

"தப்பு பண்ணிட்டேன், வால்டர்."

"எங்கிட்டச் சொல்லி இன்னா பிரயோஜனம்? ரோட்டுல நின்னுதானே கத்துன?"

சந்தை நாளில், டிரைவர்கள் கூடும் இடத்தில் நின்று, பிரேக்கில் குறையில்லை, பாரம்தான் அளவு மீறியது, தப்பு தன்னுடையது என்று தம்மபாலன் சொன்னார். சிலர் சிரித்தார்கள். கையில் கட்டோடு நின்ற ஜெயம்மா, "என் கையி இன்னும் கூடல. அதையும் சொல்லுய்யா" என்றாள். அதையும் சொன்னார்.

வால்டருக்கு வண்டிகள் திரும்ப வந்தன. தம்மபாலனின் லாரியும் வந்தது. வேலையை ஒழுங்காகச் செய்து, கூலியை வாங்கிக்கொண்டார் வால்டர். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று கேட்கத் தம்மபாலனுக்கும் முகமில்லை.