பதினைந்து மைக் எடுக்கத் தஞ்சாவூர் போய் வந்தது

இந்தப் பக்கத்தை ஆரம்பித்தது என் மகள் பிரின்சி. எந்த மாதா கோயில் திருவிழாவுக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, இறங்கினால் எங்கே சாப்பிடலாம் என்று அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக ஒன்றும் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பங்குனியில் காய்ச்சல் வந்து நாலாம் நாள் போய்விட்டாள். பத்தொன்பது வயது. நான் அவளுடைய அம்மா, அந்தோணியம்மாள். எட்டாவது வரை படித்தவள். பட்டுக்கோட்டைப் பக்கம் கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கிற வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு கச்சேரி நடக்கும். போன வருஷம் மைக்செட்காரர் அதை ஒரு பென்டிரைவில் பதிந்து கொடுத்தார். பிரின்சி போன பிறகு அதை வாங்கிப் போட்டுப் போட்டுக் கேட்டேன். பதினாறு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அதில் அவளும் இருக்கிறாள், ஆனால் எது அவள் குரல் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை பாருங்கள்.

அதனால்தான் இந்த வருஷம் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று செசிலி டீச்சரிடம் சொன்னேன். குழுவை நடத்துகிறவர் அவர்தான். அப்படிப் பதிகிற மிஷின் தஞ்சாவூரில் வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னார். கச்சேரிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினோம். பழைய பென்டிரைவையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். பெரிய கடையில் யாராவது அவள் குரலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்களா என்று ஒரு நினைப்பு. டீச்சரிடம் சொல்லவில்லை.

காலை 6.40க்கு ஊரில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 7.20க்குப் பட்டுக்கோட்டை. அங்கிருந்து 7.35க்குத் தஞ்சாவூர் பஸ், ஒரத்தநாடு வழி, நாற்பத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் பத்து நிமிஷம் முன்னாலேயே ஏறிவிடுங்கள். வழியெல்லாம் சம்பா நெல் பொதிகட்டி, கதிர் தள்ளத் தயாராக நின்றது. முந்தின வாரம் பெய்த மழையில் வாய்க்கால் ஓரத்து வயல்கள் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தன.

"கடையில பேரத்தை நீங்க பேசுங்க அந்தோணியம்மா. எனக்கு அவங்க சொன்னதைக் குடுத்துட்டு வரத்தான் தெரியும்," என்றார் டீச்சர்.

"தேங்காய்னா தட்டிப் பார்த்து வாங்கலாம் டீச்சர். இதை எங்க தட்டுறது?"

ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

9.15க்குப் புது பஸ் ஸ்டாண்ட். அங்கேயே ஆளுக்கு நாலு இட்லி, டீ. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்ட், இறங்கிக் கீழவாசல் பக்கம் கால் மணி நேர நடை. கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் ஹெட்போனை மாலை மாதிரிப் போட்டிருந்தார்.

இனி எழுதுவது இந்த மாதிரி மிஷின் எடுக்கப் போகிறவர்களுக்கு. முதலில் ஒரு மிக்ஸரைக் காட்டினார். "இதுலயே ரெக்கார்டிங் இருக்கும்மா. பென்டிரைவைச் சொருகினா முடிஞ்சுது."

"ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா விழுமாங்க?"

"இல்லம்மா. எல்லாம் கலந்து ஒண்ணா விழும்."

அடுத்ததை லேப்டாப்பில் ஒயர் போட்டுக் காட்டினார். முன்பக்கம் பன்னிரண்டு மைக் சொருகலாம். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். லேசாகச் சிரித்தார். "உள்ள பன்னெண்டு போகும், ஆனா லேப்டாப்புக்குப் போறது கலந்த ரெண்டே ரெண்டுதான். இதை யாரும் கேக்க மாட்டாங்க. எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

வேறே இருந்தால் காட்டுங்கள் என்றேன். மைக் சொருகும் ஓட்டைகளை எண்ணி ஏமாறாதீர்கள். தனித்தனியாக எத்தனை பதியும் என்று கேளுங்கள்.

மூன்றாவதாகத்தான் உள்ளேயிருந்து சரியானதை எடுத்து வந்தார். பதினாறு மைக்கையும் பதினாறு ஃபைலாக மெமரி கார்டில் பதியும். லேப்டாப் வேண்டாம். இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பதினேழு ஜிபி ஆகும், அதனால் முப்பத்திரண்டு ஜிபி கார்டு. மேலே தொங்கவிடுகிற மைக் வேண்டாம், அது கோயில் எதிரொலியையும் எல்லார் குரலையும் சேர்த்து இழுக்கும், ஆளுக்கொரு கை மைக்கை ஸ்டாண்டில் வையுங்கள், வாய்க்கு அரை சாண் தள்ளி என்றார். அப்படி வைத்தாலும் பக்கத்து ஆள் குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்யுமாம். முழுசாகப் பிரியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"மொத்தம் எத்தனை மைக்?"

"பதினாறு," என்றார் டீச்சர்.

"பதினஞ்சு டீச்சர்," என்றேன்.

டீச்சர் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தார்.

அப்புறம்தான் பென்டிரைவை எடுத்து நீட்டினேன். "இதுல ஒரு பொண்ணு குரலை மட்டும் எடுத்துக் குடுப்பீங்களா?" யார் என்ன என்று சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரில் போட்டு என்னவோ செய்தார். கீபோர்டு சத்தமும் தபேலாவும் போய்ப் பாடுகிற குரல்கள் மட்டும் மிஞ்சின. அதற்கு மேல் போகவில்லை. "வாத்தியத்தைப் பிரிக்கலாம்மா. ஒண்ணா பாடுற பதினாறு பேரை இதால பிரிக்க முடியல. தண்ணியில கரைஞ்ச சக்கரை மாதிரி."

கேட்டுக்கொண்டே வந்தவர் மூன்றாவது பாட்டில் நிறுத்தினார். "இந்த இடத்துல ஒரு பொண்ணு அவசரப்பட்டு முந்திடுச்சு. கேளுங்க, 'வாரும்'ல அந்த 'வா' மட்டும் தனியா வருது. அப்பவே சொல்லியிருந்தா வெட்டி எறிஞ்சிருக்கலாம்."

"அதுதாங்க அந்தப் பொண்ணு," என்றேன். "என் மக. இப்ப இல்ல."

அவர் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். அந்த ஒரு 'வா'வைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஒரு நொடிகூட இருக்காது. மூக்கடைத்த குரல், அன்றைக்கு அவளுக்குச் சளி. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

போன வருஷம் கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்துக்காகத்தான் அவளைத் திட்டினேன். ஊரே உட்கார்ந்திருக்கிற இடத்தில் மானத்தை வாங்கிவிட்டாயே என்றேன். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவள் சரியாகப் பாடியதெல்லாம் கரைந்துவிட்டது. நான் திட்டிய இடம் மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

அதைத் தனியாக வெட்டி என் போனில் ஏற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மிஷினுக்கும் மைக், ஸ்டாண்ட், ஒயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் வாடகை 7,500 ரூபாய், குழுப் பணத்தில் கொடுத்தோம். ஆதார் நகல் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். ஒயர் பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். கரண்ட் போனால் பதிந்தது கெட்டுவிடும், மிஷினுக்கு மட்டுமாவது யூபிஎஸ் வேண்டும்.

மத்தியானம் 1.50 பஸ். பெட்டிகளுக்கு லக்கேஜ் டிக்கெட் அறுபது ரூபாய். "உள்ள என்னம்மா, கல்யாணச் சீரா?" என்று கண்டக்டர் கேட்டார். "மைக்கு," என்றார் டீச்சர். பஸ் ஒரத்தநாடு தாண்டியது. அப்புறம் டீச்சர், "அந்த 'வாரும்' ஆரம்பிக்கக் கை காட்டினது நான்தான். நான்தான் முந்திக் காட்டிட்டேன். அவ என் கையைப் பார்த்துத்தான் பாடினா," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது.

சனிக்கிழமை கச்சேரி நல்லபடியாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆளுக்கொரு கார்டில் அவரவர் குரலைப் போட்டுக் கொடுத்தோம். இப்படிப் பதிந்தால் தப்பு வந்த இடத்தை மட்டும் வெட்டிச் சரிபண்ணலாம். எல்லோரும் அதைத்தான் பெரிய வசதி என்பார்கள். சரிபண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் பதிந்தபடியே ஒரு நகலைத் தொடாமல் வைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

குழுவில் சலேத் அண்ணன் இருக்கிறார், அறுபது வயது. இரண்டாவது பாட்டில் நடுவில் இருமிவிட்டார். "டீச்சர், அந்த இருமலை எடுத்துட்டுக் குடுங்க. கேட்டா மானம் போகுது," என்று கார்டை வாங்காமல் நின்றார்.

"எடுக்கலாம் அண்ணே," என்றேன். "முதல்ல இதை இப்படியே அண்ணிகிட்ட குடுத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற அவர் மனைவி கையை நீட்டி வாங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.