கொண்டையில் மூன்று பென்சில்

கொண்டையில் செருகியிருக்கும் மூன்று பென்சில்களில் வேண்டியதைத் தொட்டுப் பார்த்தே உருவிவிடுவார் ஞானசௌந்தரி டீச்சர். பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டில், எழுதியவன் கண்ணால் கண்டதற்குப் பச்சைக் கோடு. பிறர் சொல்லிக் கேட்டதற்குச் சிவப்பு. பக்கத்தை நிரப்பப் போட்டதற்கு மஞ்சள். மதிப்பெண் பச்சைக்கு மட்டும்தான். குமணன்சாவடிப் பக்கம் டீச்சர் வேலை பார்க்கும் அதே பள்ளியில் கணக்கு வாத்தியாரான நான், இந்தக் கூத்தை எண்பத்தைந்திலிருந்து இரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன்.

‘நூலகத்தின் பயன்’ என்று தலைப்புக் கொடுத்தார். பச்சைக்கு ஆசைப்பட்டு நாற்பது பையன்களும் ஒரே நேரத்தில் நூலகத்துக்குப் போனார்கள். அத்தனை பேரை ஒன்றாகப் பார்த்திராத நூலகர், ஏதோ கலாட்டா என்று கதவைச் சாத்திவிட்டார். ‘நூலகம் பூட்டியிருந்தது’ என்று எழுதிய நாற்பது பேருக்கும் பச்சை.

அடுத்தது ‘மழை’. துலுக்கானம் மழையில் நின்றே எழுதிவிட்டு வந்தான். “நெனைஞ்சிகினே எய்தினேன் டீச்சர். நோட்டு கரைஞ்சிபோச்சு. மார்க்கு கீதா, இல்லியா?” டீச்சர் அந்த ஈரக் காகிதத்தில் அழுத்தமாகப் பச்சைக் கோடு போட்டார். காகிதம் கிழிந்தது.

வீட்டிலும் இதே சட்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவர் கணவர் அந்தோணிராஜ் ஒருநாள் என்னிடம் புலம்பினார். “ஊட்ல நான் பேசறது முக்காவாசி மஞ்சளாம் சார். ஓவர்டைம்னு சொன்னாக்கூட, யார் பாத்தாங்கன்னு கேக்குது.”

வினை தலைமையாசிரியர் ஜெயபால் சார் ரூபத்தில் வந்தது. “பச்சை, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போடற கலர். டீச்சருக்கு எதுக்கு?” என்று அந்தப் பென்சிலை வாங்கி மேசை டிராயருக்குள் பூட்டினார். பச்சை இல்லாததால் டீச்சர் அந்த மாதம் நாற்பது பேருக்கும் பூஜ்யம் போட்டார்.

அவரைத் திருத்தணிப் பக்கம் மாற்றச் சொல்லி ஜெயபால் சார் அறிக்கை தயாரித்தார். பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது. “இப்பத்தான் சார் பசங்க சொந்தமா நாலு வரி எழுதறாங்க. இந்த நேரத்துல என்னைக் கெளப்புனா எப்படி?” என்று என்னிடம் சொன்னபோது டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

படித்தேன் என்று அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கு என்னையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் பேனாவைத் தொடவில்லை. கை கொண்டைக்குப் போனது. அடிப்பாவி, இங்கேயுமா என்று பதறினேன். ‘ஒழுங்கீனம் நிலவுகிறது’ என்பதற்கு மஞ்சள். ‘நூலகர் வருந்தியதாகத் தெரிகிறது’ என்பதற்குச் சிவப்பு. ஜெயபால் சாரின் முகம் சிவப்பையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. ‘ஆயினும், இவர் வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவர்களும் குனிந்து எழுதுகிறார்கள்.’

“நேர்ல பாத்தீங்களா சார்?”

“ஜன்னல் வழியா. நாலு நாள் பாத்தேன்” என்றார் தலைமையாசிரியர், குரல் இறங்கி.

டீச்சர் மஞ்சளைக் கீழே வைத்தார். கொண்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து மேசைக்கு மேல் நீட்டினார். ஜெயபால் சார் சட்டைப்பையில் மேசைச் சாவியைத் தேடும்வரை நீட்டிய கை இறங்கவில்லை.