முதலாளி தோற்ற காலை

எனக்கு ஷட்டில் சுமாராகத்தான் வரும். ஆனால் வேண்டுமென்றே தோற்க வராது. வேலம்பாளையத்தில் காலையில் ஆடும் பேட்மிண்டன் கிளப்பில் என் மச்சினன்தான் என்னைச் சேர்த்துவிட்டான். முதல் நாளே அவனும் நானும் ஜோடி. எதிரே நின்ற ஜோடியில் ஒருவர் பனியன் கம்பெனி முதலாளி. மச்சினனின் சின்ன யூனிட்டுக்குத் தையல் வேலை கொடுப்பவர் அவர்தான்.

கைக்கு வந்த பந்தையெல்லாம் மச்சினன் வலையில் அடித்தான்.

“ஏன்டா, கை வெளங்கலையா?” என்றேன்.

“மெதுவாப் பேசுங்க மாமா. அவரு தோத்தா மூஞ்சி மாறிரும். ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. இங்க எல்லாரும் இப்படித்தானுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பக்கம் வந்த பந்தையும் நானே ஓடி ஓடி அடித்தேன். ஜெயித்தோம். மச்சினன் முகத்தில் ரத்தமே இல்லை.

முதலாளி நேராக அவனிடம் வந்தார். “ஏனுங்க, இத்தன நாளா எல்லாரும் விட்டுக் குடுத்தீங்களா?”

அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். “ஆமாங்க” என்றேன் நான்.

“நெசமாலுமே நல்லா ஆடறேன்னு ஊட்ல பீத்திட்டு இருந்தனுங்க” என்றார். கீழே கிடந்த பந்தை எடுத்து மச்சினனிடம் நீட்டினார். “ஆர்டர் அது பாட்டுக்கு வருமுங்க. இன்னொரு ஆட்டம் போடலாம். இப்ப அடிங்க.”

மச்சினன் என்னைப் பார்த்தான். “அடிடா” என்றேன். அவன் அடித்த ஸ்மாஷ் அவர் காலடியில் விழுந்தது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

திமிர் பிடித்தவர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். அந்த மனிதரோடு அதுவரை யாருமே ஆடியதில்லை.