பயந்துபோன வெள்ளைக்காரர்

பென்சில் எழுத்து என்றால் அழிக்கப்பட வேண்டியது என்பது ஐந்தாம் வகுப்பில் என் கொள்கை. எழுபதுகளின் கடைசியில், ஒரு சாரல் மாதத்தில், அந்தக் கொள்கையால் தென்காசி வீட்டு மாடியில் ஆங்கில இலக்கிய விமர்சனத்தையே ஒழித்துக்கட்டினேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, இங்கிலீஷ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்தில் வந்த ஒரு நாவலைப் பற்றித் திங்கட்கிழமை கட்டுரை கொடுத்தாக வேண்டும். கொடுத்தால்தான் அந்த வருஷம் தேறும். குறிப்புகள் முழுவதும் நூலகப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலில் இருந்தன. திருப்பிக் கொடுக்கும்முன் அழித்துவிட வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். அந்த வேலை முடிந்தால் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாக வாக்கு. அருவியைச் சீக்கிரம் வரவழைப்போமே என்று இரண்டு நாள் கை வலிக்க ரப்பர் தேய்த்தேன்.

சனிக்கிழமை அத்தை புத்தகத்தைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் புகுந்து கீழப்பாவூர் நரசிம்மரை வேண்டினேன். அவர் குற்றவாளியின் குடலை உருவுகிறவர் என்பது ஞாபகம் வரவும், வேண்டுதலை அவசரமாகத் தெருப் பிள்ளையாருக்கு மாற்றினேன்.

"ஏலே மூதி, வெளிய வா. ஒரு எழுத்தையாவது விட்டு வச்சியாலே?"

"இல்ல யத்தை. சுத்தமா அழிச்சிட்டேன்."

அடி விழவில்லை. என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, நாவலை முதலிலிருந்து புரட்டிப் புரட்டித் தமிழில் சொன்னாள். ஒருத்தி புருஷனோடு வாழ முடியாமல் வீட்டைவிட்டுப் போகிறாள். பட்டணத்தில் துணி தைத்துப் பிழைக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போகிறாள்.

"நல்லாப் பொழைச்சுக்கிட்டிருந்தவள இதை எழுதினவன் ஏன்லே கொன்னான்? எங்க சாரு, அதுதான் நாவலுக்கே அழகுங்காரு. நானும் அதையே எழுதி வச்சிருந்தேன். இப்ப வாசிச்சா எனக்கே ஒட்டல."

பயத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில் இருந்தேன் நான்.

"அவருக்குப் பயமா இருந்திருக்கும் யத்தை. அவள உசுரோட விட்டா ஊர்க்காரங்க ஏசுவாங்கல்லா?"

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். அட்டைப் படத்தில் கோட்டும் மீசையுமாக முறைக்கிற துரையைப் பார்த்து, குளித்த தலைகூடக் காயாத ஒரு தென்காசிக்காரி, 'நீர் பயந்துவிட்டீர்' என்று அவர் பாஷையிலேயே பக்கம் பக்கமாக எழுதினாள். அச்சில் ஏறியவரை இப்படியெல்லாம் கேட்கலாமா! வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வரும் என்றே நம்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். கட்டுரையின் முடிவை மாற்றி எழுதினால்தான் ஏற்பேன் என்றாராம் பேராசிரியர்.

"மாட்டேன்னுட்டேன் அண்ணே," என்றாள் அப்பாவிடம்.

அவளுக்கு அந்த வருஷம் வீணாகப் போயிற்று. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் என்னால்தான் என்று நான் ஓவென்று அழுதேன். அத்தையோ தட்டை நீட்டி இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். ஒரு வருஷத்தையே தொலைத்துவிட்டு வந்தவளுக்கு அப்படியொரு பசி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.