எந்தப் பக்கமும் போகும் வண்டி

தொழிற்சாலையில் எல்லோரும் அவளை வண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரான்ஸ்பார்மர் செய்யும் இடம் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவள். மற்றவர்கள் சுவரில் உரசிக்கொண்டு வரும் இடத்தில், ஒரு கையால் ஸ்டீயரிங்கை வளைத்து அலுங்காமல் நுழைந்துவிடுவாள். அவள் கணவனுக்கும் அங்கேதான் வேலை. சுமை வண்டிகளுக்கு முன்னால் நின்று கைகாட்டி வழி சொல்பவன்.

"வீட்லதான் அவ சொல்றபடி நான் போறேன். இங்கயாவது நான் சொல்றபடி அவ போகட்டும்" என்பான்.

பிறகு புது வண்டி வந்தது. இருக்கை இல்லை, ஸ்டீயரிங் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டையான இரும்பு மேடை, அடியில் நான்கு சக்கரங்கள், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் ஒரு பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதிலுள்ள குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ அந்தப் பக்கம் அது போகும்.

அதைப் பொருத்திய ஃபிட்டர் தரையில் முட்டி போட்டு அவளுக்குச் சக்கரத்தைக் காட்டினார். அதில் டயர் இல்லை. விளிம்பைச் சுற்றி, பீப்பாய் வடிவத்தில் சின்னச் சின்ன உருளைகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தன.

"நாலும் முன்னால சுத்தினா வண்டி நேரா போகும். இந்த மூலையும் அதுக்கு எதிர்மூலையும் முன்னால சுத்தி, மத்த ரெண்டும் பின்னால சுத்தினா? முன்ன தள்ளுறதும் பின்ன தள்ளுறதும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும். உருளை சாய்ஞ்சிருக்கறதால பக்கவாட்டுல தள்ளுறது மட்டும் மிஞ்சும். நண்டு மாதிரி போகும். திரும்பவே வேணாம்கா."

அவள் குச்சியை மெல்ல இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். மேடை கொஞ்சமும் திரும்பாமல், இருந்த வாக்கிலேயே அவளை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது. சட்டென்று கையை எடுத்தாள். அது நின்றது. ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரங்கள்தான்; எங்கே போகப் போகிறது என்பதை அதன் பின்பக்கம் முன்கூட்டியே காட்டிவிடும். இது எதையும் காட்டவில்லை.

"அதுக்கு மூஞ்சியே இல்லீங்க. எதைப் பாத்து ஓட்டுறது?" என்று வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவனிடம் கேட்டாள்.

"என் மூஞ்சியப் பாரு. எதிர்ல நான்தானே நிக்கப்போறேன்?"

"அதான் பயமா இருக்கு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாரங்கள் போயின, கை பழகியது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. காலையில் பெட்டியை மாட்டும்போதே உள்ளங்கை ஈரமாகிவிடும்.

அன்று ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரைச் சோதனை அறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாசலுக்கு முன்னால் ஒரு தூண். அதற்கும் சுமைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். கணவன் தூணருகே நின்று, "வா, வா, மெதுவா வா" என்று கைகாட்டினான். அவள் வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள்.

காலையில் யாரோ எண்ணெய் சிந்தியிருந்தார்கள். அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு சக்கரம் அதன்மேல் ஏறியதும் பிடிப்பு விட்டது. மற்ற மூன்றும் தள்ளத் தள்ள, வண்டி நேராகப் போகாமல் சுழன்றது. சுமையின் மூலை அவனை நோக்கித் திரும்பியது.

"கையை எடு!" என்று கத்தினான்.

கையை எடுத்தால் போதும், வண்டி நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் விரல்கள் பிரியவில்லை. வலது கை குச்சியை இறுக்கிக்கொண்டது, இடது கை பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி விறைத்துவிட்டது. தன் கையே தன் பேச்சைக் கேட்காததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தலையைக் குனிந்து, வண்டியை உடனே நிறுத்த பெட்டியிலிருந்த சிவப்புப் பொத்தானை மோவாயால் ஓங்கி இடித்தாள். உதடு கிழிந்தது. வண்டி நின்றது.

அவன் தூணுக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. மூச்சு துண்டு துண்டாக வந்தது.

மேற்பார்வையாளர் ஓடிவந்து, "ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டாங்க, கட்டி இழுத்துடலாம்" என்றார்.

"வேணாம் சார்! இழுத்தா மூலை திரும்பும், இன்னும் நசுக்கும்" என்றார் ஃபிட்டர். "இந்த வண்டி ஒண்ணுதான் திரும்பாம நேரா விலகும்." அவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, எண்ணெய்ச் சக்கரத்தைக் கந்தலால் உருளை உருளையாகத் துடைத்தார். தரையில் மணலைக் கொட்டினார். எழுந்து அவளைப் பார்த்தார். "நான் எடுக்கட்டுமாக்கா?"

எடுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"அவளே எடுக்கட்டும்" என்றான் கணவன், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து. "தினம் ஓட்டுறவ அவதான்."

"என் கை நடுங்குதுங்க."

"நடுங்கட்டும். என்னைப் பாக்காத. தரையப் பாரு."

குச்சியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று வாய்விட்டு ஃபிட்டரிடம் கேட்டாள். தெரிந்ததுதான், ஆனாலும் கேட்டாள். அவர் விரலால் காட்டினார். சாய்கோணமாக, தூணை விட்டு விலகும் பக்கம். சிவப்புப் பொத்தானை விடுவித்தாள். இரண்டு விரல்களால் மட்டும் குச்சியைத் தொட்டாள். சக்கரங்கள் முனகின. மணல் நொறுங்கும் சத்தம் கேட்டது. மூலை திரும்பவில்லை. வண்டி மொத்தமாக, ஒரு கை அகலம், பிறகு இரண்டு கை அகலம் விலகியது.

அவன் தூணோடு சரிந்து உட்கார்ந்தான். அவளும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விலா எலும்பில் விரிசல் என்றார் மருத்துவர். அவன் தேறிவர நாளானது. "தும்மினாத்தான்மா உசிரு போவுது" என்பான். அவன் தும்மும்போதெல்லாம் அவள் அடுப்படியிலிருந்து ஓடிவருவாள்.

பழைய ஃபோர்க்லிஃப்ட்டையே கொடுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அதைப் போன வாரம்தான் விற்றோம் என்றார். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். அவன் விடவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

திரும்பிப் போன முதல் நாள், பெட்டியை மாட்டும் முன் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, வண்டி போகும் வழி முழுவதையும் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தாள். சுமைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது, கைகாட்டுகிறவர் தன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றாள்.

"இப்படிப் பாத்துட்டிருந்தா வேலை எப்பம்மா முடியிறது?" என்று சலித்துக்கொண்டார் மேற்பார்வையாளர்.

"முடியும்போது முடியும் சார்" என்றாள். எல்லோரும் விலகி அவள் பக்கம் வரும்வரை அவள் குச்சியைத் தொடவில்லை.